ஐந்தாம் சக்கரத்துக்குப் பொட்டு

புது கார் எடுக்க வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் டிக்கிக்குள் இருக்கும் விரிப்பைத் தூக்கிப் பார்ப்பதில்லை, சார். பெட்டி வைக்க இடம் இருக்கிறதா, திருப்பதி போனால் மூன்று பை கொள்ளுமா, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். மீதிப் பத்துப் பேர் தூக்கிப் பார்ப்பார்கள். ஆறு வருடமாக என் தலைவலியெல்லாம் அந்தப் பத்துப் பேரால்தான்.

நேற்று ஸ்டேஷனில் நீங்கள் கேட்டபோது நான் கோர்வையாகப் பேசவில்லை. அதனால்தான் எழுதித் தருகிறேன் என்றேன். பேப்பரும் பேனாவும் கொடுத்ததற்கு நன்றி. என் பெயர் கமலக்கண்ணன். வயது முப்பத்தெட்டு. சொந்த ஊர் துறையூர் பக்கம், இப்போது குடியிருப்பது மூக்கண்டப்பள்ளி. ஓசூரில் ஒரு கார் ஷோரூமில் டெலிவரி இன்சார்ஜாக இருக்கிறேன். உத்தனப்பள்ளி கோவிந்தப்பன் வீட்டாருக்கு நடந்ததில் என் பங்கு என்ன என்று கேட்டீர்கள். ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் நான் கெட்டவன் இல்லை என்பது உங்களுக்குப் புரியும்.

முதலில் அந்த ஸ்டெப்னி. எங்கள் காரில் ஓடும் நான்கு சக்கரமும் அகலமானவை, பளபளவென்று இருக்கும். டிக்கிக்குள் படுத்திருக்கும் ஐந்தாவது சக்கரம் அப்படியல்ல. சின்னது, ஒல்லியானது, சாதாரண இரும்பு. அதற்குப் பளீரென்று மஞ்சள் பெயின்ட் அடித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறார்கள். மணிக்கு எண்பது கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, பக்கத்துப் பஞ்சர் கடை வரைக்கும் மட்டும் போகலாம் என்பது அதன் சாரம். எடையும் இடமும் மிச்சம் என்று கம்பெனிக்காரர்கள் செய்கிற ஏற்பாடு. இது ரகசியமும் இல்லை. வண்டியோடு கொடுக்கும் புத்தகத்திலேயே அச்சடித்திருக்கிறது. அந்தப் புத்தகத்தை யாரும் பிரிப்பதில்லை. ஆயுத பூஜை வந்தால் அதற்கும் ஒரு பொட்டு வைத்து மறுபடி உள்ளே வைத்துவிடுவார்கள்.

அடுத்தது மார்க். வண்டி எடுத்த ஏழாவது நாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வாடிக்கையாளருக்குப் போன் செய்வாள். டெலிவரி திருப்தியாக இருந்ததா, பத்துக்கு எவ்வளவு தருவீர்கள் என்று கேட்பாள். பத்து என்றால் பத்து. ஒன்பது என்றால் பூஜ்யம். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அவர்கள் கணக்கே அதுதான். ஒன்பது கொடுக்கிறவர் தம்மைத் தாராளமானவர் என்று நினைத்துக்கொள்கிறார். அவர் எங்கள் குடியைக் கெடுக்கிறார்.

ஆகவே டெலிவரியைக் கல்யாணம் மாதிரி நடத்துவோம். சிவப்புத் துணி போட்டு மூடி வைப்போம். மாலை, கேக், ஆள் உயரத்துக்கு அட்டையில் ஒரு சாவி. நல்ல நேரம் பார்த்து நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். எல்லையில் இருக்கும் ஊர், தமிழ்க்காரர் வருவார், தெலுங்குக்காரர் வருவார், அத்திப்பள்ளியிலிருந்து கன்னடக்காரர் வருவார். மூன்று பாஷையிலும் மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியும்.

போன வருடம் நாராயணம்மா என்று ஓர் அம்மாள் வந்தார். ஓசூரிலேயே பெரிய நிலக்காரக் குடும்பம், வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். தேங்காய் உடைத்தாயிற்று, பூசணிக்காய் கையில் தயார். அந்த நேரம் பார்த்து அம்மாள் டிக்கி விரிப்பைத் தூக்கிவிட்டார்.

"ஏமய்யா, நாலு சக்கரம் ஒரு தினுசு, இது ஒண்ணு மட்டும் ஸ்கூட்டர் சக்கரமா இருக்குதே?"

நான் உள்ளதைச் சொன்னேன். எண்பதுக்கு மேல் போகக் கூடாது என்றும் சொன்னேன். அப்போதெல்லாம் நான் உள்ளதைச் சொல்லிக்கொண்டிருந்தேன், சார்.

"குறை வண்டிய எங்க ஊட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்தறதா? எடுத்துட்டுப் போ, வேணாம்" என்றார் அம்மாள்.

நல்ல நேரம் போயிற்று, எமகண்டம் வந்தது. உறவுக்காரர்கள் இருபது பேர் கேக்கையும் தொடாமல் நின்றார்கள். கடைசியில் எப்படியோ வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஏழாவது நாள் எனக்கு இரண்டு மார்க் கொடுத்தார். மேனேஜர் ஹரீஷ்குமார் என்னை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து, அந்தப் போன் பதிவை இரண்டு தடவை ஓடவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையைச் சொன்னதற்காக நான் அழுத கடைசி நாள் அதுதான்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலையில் என் மனைவி பொற்கொடி வாசற்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். நான் ஷூ லேஸ் கட்டிக்கொண்டே பார்த்தேன். நம் ஜனங்களுக்கு மஞ்சளைப் பார்த்தால் பயம் வராது, கும்பிடத்தான் தோன்றும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சக்கரத்தில் தவறாக இருந்தது மஞ்சள் அல்ல. ஸ்டிக்கர்தான்.

அன்றைக்கே செய்து பார்த்தேன். தலைமுடி காயவைக்கும் மெஷினால் கொஞ்சம் சூடு காட்டினால் ஸ்டிக்கர் கிழியாமல் உரிந்து வந்துவிடும். ஓரத்தில் இரும்பிலேயே பொறித்திருந்த எண்பது என்ற எண் மேல் சந்தனத்தைக் குழைத்துத் தடவினேன். நடுவில் குங்குமம். பிறகு நானே விரிப்பைத் தூக்கிக் காட்டினேன். "இது ஸ்போர்ட்ஸ் ஸ்டெப்னிங்க. ரேஸ் காருக்குப் போடற மாதிரி எடை கம்மி. கம்பெனியிலேயே மங்களகரமா மஞ்சள் பூசி அனுப்பறாங்க" என்றேன்.

வாங்க வந்தவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினார், பிறகு மாமனாரை. மாமனார் ஓடிப்போய் ஐந்தாவதாக ஓர் எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார். அதற்குப் பிறகு ஐந்து பழமே வழக்கமாகிவிட்டது. எங்கள் ஷோரூமில் மட்டும்தான் ஐந்து பழம் என்று கிருஷ்ணகிரி வரைக்கும் பேச்சு. பதினோரு மாதம் தொடர்ந்து எனக்குப் பத்துக்குப் பத்து. ரிசப்ஷனில் என் போட்டோவை மாட்டினார்கள், அதற்கு ஒரு குட்டி லைட்டும் போட்டார்கள்.

மாரிசாமிதான் ஒத்துவரவில்லை. டெலிவரிக்கு முன் வண்டியைச் சரிபார்க்கும் மெக்கானிக், சங்கரன்கோவில் பக்கத்து ஆள். என்னைவிட நாலு வயது மூத்தவர், இருந்தாலும் என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் என் கையிலிருந்த ஸ்டிக்கரைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, இத அழகுக்கா ஒட்டி அனுப்புதான்? இதுல நூறுக்கு மேல போனா வெடிச்சிரும்லா."

"ஸ்டெப்னியில போறவன் எவன் நூறுல போவான்?"

"போவாம்லா. நீங்கதான ஸ்போர்ட்ஸு ஸ்போர்ட்ஸுன்னு சொல்லிக் குடுக்கிய."

அவர் பேசிய தொனி எனக்குப் பிடிக்கவில்லை. யூனிஃபார்ம் அழுக்காக இருக்கிறது, வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார்கள் என்று ஹரீஷ்குமாரிடம் சொன்னேன். மறுவாரம் மாரிசாமியை வாட்டர் வாஷுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே யூனிஃபார்ம் நனைந்தே இருப்பதால் அழுக்குத் தெரியாது. அவருக்கும் அது நல்லதுதான்.

நான் அக்கறை இல்லாதவன் என்று எண்ணிவிடாதீர்கள். உரித்த ஸ்டிக்கர் ஒன்றையும் குப்பையில் போட்டதில்லை. மெழுகுத்தாளில் ஒட்டி, வண்டி நம்பரும் போன் நம்பரும் எழுதி, ஃபைலில் வைத்தேன். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. ஃபைல் இப்போது உங்களிடம் இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். ஒன்று குறையும், அதற்குப் பிறகு வருகிறேன்.

கோவிந்தப்பன் வீட்டு டெலிவரி ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. உத்தனப்பள்ளியில் பந்தல் போட்டு ரோஜாவும் குடைமிளகாயும் வளர்க்கிற விவசாயி. நல்ல மனிதர், காது மட்டும் கொஞ்சம் மந்தம். மனைவி மாதம்மாள். மகன் மணி இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை, வண்டி ஓட்டுவது அவன்தான். மகள் பிரியதர்ஷினிக்கு மத்தூரில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். அடுத்த வெள்ளி நிச்சயதார்த்தம், புது வண்டியில்தான் போய் இறங்க வேண்டும் என்று அவசர அவசரமாக எடுத்தார்கள். நான் விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னியைக் காட்டியபோது மாதம்மாள் தன் கையாலேயே இன்னொரு குங்குமப் பொட்டு வைத்தார். பிறகு சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கே உடம்பு சிலிர்த்தது. நால்வரையும் திறந்த டிக்கிக்கு முன் நிற்க வைத்து, சக்கரம் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, ஃப்ரேம் போட்டுக் கொடுத்தேன். கம்பெனி தருவது வெறும் பிரிண்ட். ஃப்ரேம் என் சொந்தச் செலவு.

ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு இன்னும் பத்து நிமிடம். கோவிந்தப்பனிடமிருந்து போன் வந்தது.

"சாரு, நான் உத்தனப்பள்ளி கோவிந்தப்பன். நிச்சயத்துக்கு மத்தூர் போய்க்கினு இருக்கறோம். சூளகிரி தாண்டி முன்சக்கரம் பஞ்சராயிடுச்சு. பையன் அந்த மஞ்ச சக்கரத்த மாட்டிட்டான்."

"நல்லதுங்க."

"பத்தரைக்கு ராகு காலம் பொறக்குது சாரு. அதுக்குள்ள தட்டு மாத்திடணும்னு மாப்பிள்ள ஊட்ல கண்டிசனா சொல்லிட்டாங்க. நூத்தி இருபதுல போனாத்தான் ஆவும்னு இவன் சொல்றான். அந்தச் சக்கரம் தாங்கும்ல?"

பின்னால் மாதம்மாள் குரல் கேட்டது. "அவுரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும். கேட்டுட்டு சீக்கிரம் வண்டிய எடுங்க."

எனக்கு யோசிக்க நாலைந்து விநாடி இருந்தது, சார். அது போதுமான நேரம்தான். எண்பதில் போனால் பத்து நாற்பதுக்குத்தான் மத்தூர் போய்ச் சேர்வார்கள். பத்து நிமிடம் பிந்தும். எண்பதுக்கு மேல் போகாதீர்கள் என்றால், ஒரு வாரத்துக்கு முன்னால் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். ஆனால் அன்றைக்குத்தான் அவர்களுக்கு மார்க் கேட்டு போன் வரவேண்டிய நாள். ராகு காலத்தில் தட்டு மாற்றிய குடும்பம் யாருக்காவது பத்து மார்க் கொடுக்குமா? அடுத்த திங்கட்கிழமை பன்னிரண்டாவது மாதம் முடிகிறது. ஒரு வருடம் முழுக்கப் பத்து வாங்கியவர் எங்கள் மண்டலத்தில் இதுவரை யாருமில்லை.

எனக்குப் பதில் தெரியாமல் இல்லை. எண்பது. அந்த எண் போட்ட ஸ்டிக்கர் என் மேஜை இழுப்பறையில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"அதுக்குத்தாங்க அது ஸ்போர்ட்ஸ் சக்கரம். தாராளமாப் போங்க" என்றேன்.

சரியாகப் பத்து எட்டுக்குத் தலைமை அலுவலகத்துப் பெண் கோவிந்தப்பனைக் கூப்பிட்டிருக்கிறாள். ஓடுகிற வண்டியிலிருந்தே பேசியிருக்கிறார். பத்துக்குப் பத்து. சொந்தக்காரர்களுக்கு எங்கள் ஷோரூமைச் சிபாரிசு செய்வீர்களா என்ற கேள்விக்கு, மாப்பிள்ளை வீட்டிலும் சொல்வேன் என்றிருக்கிறார். பத்துப் பதினான்குக்கு, கிருஷ்ணகிரி தாண்டி ஒரு லாரியை முந்தும்போது சக்கரம் வெடித்தது. மணியும் மாதம்மாளும் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். கோவிந்தப்பனையும் மகளையும் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

செய்தி வந்ததும் நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொண்டதைப் பார்த்தேன். போய் என்ன செய்ய முடியும், நான் டாக்டர் இல்லையே. என்னால் முடிந்த காரியம் வேறு இடத்தில் இருந்தது. நொறுங்கிய வண்டியை ஸ்டேஷன் வளாகத்தில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். இன்சூரன்ஸ் விஷயமாக வந்த ஷோரூம் ஆள் என்றேன். உங்கள் காவலர் என் கழுத்திலிருந்த அட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். ஈரத்துணியால் சந்தனத்தையும் குங்குமத்தையும் துடைத்தேன். மாதம்மாள் வைத்த பொட்டு லேசில் போகவில்லை, கொஞ்சம் அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது. பிறகு ஸ்டிக்கரை ஒட்டினேன். ஃபைலில் தேடி அந்த வண்டிக்குரிய ஸ்டிக்கரையே எடுத்துப் போயிருந்தேன். வேறு வண்டியுடையதை ஒட்டினால் அது மோசடி ஆகிவிடும்.

மறுநாள் பேப்பரில் வந்தது உங்களுக்குத் தெரியும். எச்சரிக்கையை மீறி அதிவேகமாக ஓட்டிய இளைஞர், தாயையும் பலிகொடுத்தார் என்று போட்டிருந்தார்கள். இறந்துபோன ஒருவன் மேல் பழி விழுவதால் அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, உயிரோடு இருக்கிறவர்களுக்கு அது ஒரு நிம்மதி என்றுதான் நினைத்தேன். கோவிந்தப்பனுக்கு நினைவு திரும்பியபோது யாரோ அந்தச் செய்தியைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். "எழுதி ஒட்டியிருக்கறத படிக்காம எங்க எல்லாத்தையும் கொன்னுட்டானே" என்று மகனை வைதபடியே மூன்றாம் நாள் அவரும் போய்விட்டார். அதைக் கேள்விப்பட்டபோது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அப்பா மகனைத் திட்டுவது எந்த வீட்டில் இல்லை?

பிரியதர்ஷினி பிழைத்துக்கொண்டாள். அப்பாவுக்குக் காது மந்தம் என்பதால் அன்று போனை ஸ்பீக்கரில் போட்டு அவள்தான் கையில் பிடித்திருந்தாளாம். எனக்கு அது தெரியாது. போன வாரம் ஊன்றுகோலோடு ஷோரூமுக்கு வந்தாள், நான் கொடுத்த போட்டோவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு. ஆடி மாதம், டெலிவரி இல்லை, ஷோரூமே காலி. ஏசிக்குப் பக்கத்தில் நாற்காலி போடச் சொன்னேன். அவள் உட்காரவில்லை.

"தாராளமாப் போங்கன்னு நீங்கதான சார் சொன்னீங்க? என் காதால கேட்டேன். இந்தப் படத்துல அந்தச் சக்கரத்தப் பாருங்க. எங்கருக்குது ஸ்டிக்கரு?"

நான் பார்த்தேன். நல்ல தெளிவான படம். சந்தனம், குங்குமம், பக்கத்தில் மாதம்மாளின் கை. ஸ்டிக்கர் இல்லை.

"எங்கண்ணன் படிக்காம ஓட்டல சார். படிக்க அங்க ஒண்ணும் இல்ல. எங்கப்பா அவனத் திட்டிக்கினே செத்துப்போனாரு. அவருக்கு இனிமே யாரு போயி சொல்றது?"

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், சத்தம் போடுகிறவர்களைச் சமாதானப்படுத்தத்தான் எனக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் கொண்டுவரச் சொல்லித் திரும்பினால் மாரிசாமி பின்னால் நிற்கிறார், வாட்டர் வாஷ் பைப்பைக் கையில் பிடித்தபடி. அவர்தான் அவளைப் பஸ்ஸில் ஏற்றி உங்கள் ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தார். என் இழுப்பறையில் ஃபைல் இருப்பதைச் சொன்னதும் அவரே. எனக்கு அவர் மேல் கோபமில்லை. முதலில் என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

ஆக, நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் இது. ஸ்டிக்கரை உரித்தது நான். போகலாம் என்று சொன்னது நான். திரும்ப ஒட்டியதும் நான். சக்கரம் வெடிக்கக்கூடும் என்று தெரிந்தேதான் சொன்னேன். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மீதி இருநூற்றுப் பதின்மூன்று வண்டிக்காரர்களையும் இன்று மாலைக்குள் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்கிறீர்கள். ஃபைலில் நம்பர் எல்லாம் இருக்கிறது, கூப்பிடுவது பெரிய காரியமில்லை. ஆனால் இது ஆடி மாதம். ஆடியில் யாரையும் போன் செய்து நல்லது கெட்டது பேசுவது எங்கள் தொழிலில் வழக்கமில்லை. ஆவணி பிறக்கட்டும். முதல் முகூர்த்தத்தில் எல்லோரையும் வரவழைத்து, மாலை போட்டு, பக்குவமாகச் சொல்லி ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பலாம். ஒருவர் மனமும் நோகாது. இன்னும் ஒன்பது நாளில் பதினெட்டாம் பெருக்கு வருகிறது. பாதிப் பேர் பிள்ளைகுட்டிகளோடு புது வண்டியில் ஒகேனக்கல் கிளம்பத் தயாராகிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சந்தோஷத்தைப் போய் நாம் ஏன் கெடுக்க வேண்டும், சார்?